நூறு வயது வீடு, ஐந்து நாள் அவகாசம்

சிகாகோவுக்கு மேற்கே உள்ள நேப்பர்வில் நகரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொந்த ஊர் விழுப்புரம். அமெரிக்கா வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை, இவர் அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசாவில். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது படிக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் மாமியார் வந்து தங்குகிறார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. மூன்று வருடத்துக்கு முன் பனிக்காலத்தில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து வாசகி வண்டி ஓட்டுவதில்லை. "பால் தீர்ந்துபோனால்கூட அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

வாடகை அபார்ட்மென்ட்டை விட்டுச் சொந்த வீடு வாங்க முடிவெடுத்துவிட்டார்கள். கணவருக்கு நகரத்தின் தெற்கே, இருபது வருடத்துக்குள் கட்டிய காலனி வீடு வேண்டும். வாசகியின் மனம் போயிருப்பது நகர மையத்துக்குக் கிழக்கே, வரலாற்றுப் பகுதியில், 1908இல் கட்டிய ஒரு மரவீட்டில். வீட்டைப் பார்க்கப் போன அன்று நூலகத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நடந்தே போய் வந்தாராம். திரும்பி வரும்போது ரயில் ஊதிய சத்தம் கேட்டதும், விழுப்புரத்தில் ரயில்வே காலனி ஓரம் இருந்த தன் வீடு நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டதாம். "இது வெறும் ஆசையா, நியாயமான காரணமா என்று எனக்கே தெரியவில்லை" என்கிறார். அப்புறம் கேள்விகள்: வரலாற்றுப் பகுதியில் ஜன்னல்கூட மாற்ற முடியாது என்கிறார்களே? பழைய வீடு பணத்தைத் தின்னும் என்கிறாரே கணவர்? விசா நிலையில் வீடு வாங்கலாமா? வீடு வாங்கினால் கிரீன் கார்டுக்கு உதவுமா? சம்பாதிக்காத என் பெயரைப் பத்திரத்தில் போட முடியுமா? கடைசியாக, வீடு காட்டிய முகவரைப் பற்றி, "ரியல்ட்டர் ஒரு விஷயம் சொன்னார், நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்" என்று தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லினாய் மாநிலத்தில் வீட்டுக் கிரயம் பார்க்கும் வழக்கறிஞராக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தையும் வரியையும் கேட்பார்கள். நடந்து போகும் தூரத்தைக் கேட்கிறவர்கள் குறைவு. உங்கள் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் ஊர் அமைந்த விதத்திலேயே இருக்கிறது.

ஜோசப் நேப்பர் என்பவர் 1831இல் டூபேஜ் ஆற்றின் மேற்குக் கிளையோரம் வந்து குடியேறினார். 1857இல் அது கிராமமாகவும் 1890இல் நகரமாகவும் பதிவானது. 1950இல்கூட அங்கே இருந்தவர்கள் சுமார் 7,000 பேர்தான். 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். அதாவது நீங்கள் பார்த்த அந்தச் சில தெருக்கள்தான் பழைய ஊர். ஆட்கள் காலால் நடந்த காலத்தில், கடையும் சர்ச்சும் கல்லூரியும் ரயில் நிலையமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டியது. அதைச் சுற்றி இன்று இருப்பதெல்லாம் காரை அளவுகோலாக வைத்து வளர்ந்தது. கார் ஓட்டாத ஒருவருக்கு இரண்டும் ஒரே ஊர் இல்லை.

நீங்கள் போன நூலகத்துக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் நிக்கல்ஸ், ஊருக்கு நூலகம் வேண்டும் என்று 10,000 டாலர் எழுதிவைத்துவிட்டுப் போனவர். அந்தப் பணத்தில் 1898இல் முதல் கட்டடம் வந்தது. ஊரின் நூறாவது ஆண்டையொட்டி ஒரு பழைய கல்குவாரியை நீச்சல் குளமாக மாற்றினார்கள், அதுதான் சென்டென்னியல் பீச். நூற்றைம்பதாவது ஆண்டுக்கு, 1981இல், ஆற்றங்கரை நடைபாதை வந்தது. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் பொதுவில் ஏதோ ஒன்றை விட்டுப் போயிருக்கிறது. பழைய வீட்டுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இவற்றின் பக்கத்தில் இருப்பதற்குத்தான். தினமும் அனுபவிக்கப் போகிற நீங்கள் அதற்கு விலை கொடுப்பதில் தவறில்லை. உங்கள் மகளுக்கும் இன்னும் மூன்று நான்கு வருடத்துக்கு, கார் லைசென்ஸ் வரும்வரை, அதே சுதந்திரம் கிடைக்கும்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த ரயில் பாதை சிகாகோவின் யூனியன் ஸ்டேஷனுக்குப் போகும் பயணிகள் ரயிலுக்கு மட்டும் உள்ளதல்ல. நீளமான சரக்கு வண்டிகளும் இரவெல்லாம் போகும். மதியம் ஒருமுறை கேட்ட சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. இரண்டாவது, எந்த வீட்டை வாங்கினாலும் திரும்ப வண்டி ஓட்டப் பழகுங்கள். அரோராவில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலுக்கோ, லெமான்ட் ராமர் கோயிலுக்கோ, மாமியாரை அவசரமாக டாக்டரிடமோ நடந்து கூட்டிப்போக முடியாது. பயத்துக்கு மருந்தாக வீட்டை வாங்க வேண்டாம். ஒரு பயிற்சியாளரோடு ஏப்ரல் மாதத்தில், பனி போனபின், தொடங்குங்கள்.

ஜன்னல் மாற்ற முடியாதா?

இதில்தான் பெரிய குழப்பம். "வரலாற்றுப் பகுதி" என்ற ஒரே சொல்லால் இரண்டு தனித்தனி விஷயங்களைச் சொல்கிறார்கள்.

ஒன்று, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேடு. நேப்பர்வில் வரலாற்றுப் பகுதி 1977இல் அதில் சேர்ந்தது. அது ஒரு கௌரவம். உங்கள் சொந்தப் பணத்தில் உங்கள் வீட்டை மாற்றுவதை அந்தப் பதிவேடு மட்டும் தடுப்பதில்லை. மற்றொன்று, நகராட்சி தன் சட்டத்தின் கீழ் 1986இல் கொடுத்த உள்ளூர் அந்தஸ்து. கட்டுப்பாடு வருவது இதிலிருந்துதான். வீட்டின் வெளிப்புறத்தில், முக்கியமாகத் தெருவைப் பார்த்த முகப்பில், ஜன்னல், கதவு, தாழ்வாரம், மரப்பலகைச் சுவர் போன்றவற்றை மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டி நகராட்சியின் ஒப்புதல் சான்றிதழ் தேவைப்படலாம். சிலவற்றை அதிகாரியே பார்த்து முடித்துவிடுவார், சில வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவின் முன் போகும். அதே மரத்தில் அதே வடிவில் பழுது பார்ப்பதற்கும், மலிவான பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது எளிது.

வீட்டுக்குள்ளே இந்தக் குழு வருவதில்லை. உங்கள் மாமியாருக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை கட்டினால் சாதாரணக் கட்டட அனுமதியும் உரிமம் பெற்ற பிளம்பரும் போதும். சமையலறையைச் சாம்பாருக்கும் தாளிப்புக்கும் ஏற்றபடி மாற்றுங்கள், வெளியே விடும் பெரிய புகைபோக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் எந்தச் சுவர் வழியாக வெளியேறும் என்பதை மட்டும் வரைபடத்திலேயே பின்பக்கமாக வைத்துவிடுங்கள். ஒப்பந்தம் போடும் முன்பே நகராட்சித் திட்டத் துறைக்குப் போன் செய்து, அந்த முகவரிக்கு என்னென்ன வேலைக்கு ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏதாவது மாற்றியிருந்தால் அந்தத் தலைவலி உங்கள் தலையில் விழக் கூடாது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கணவர் விரும்பும் காலனி வீட்டில் கட்டுப்பாடே இருக்காது என்று நினைத்தால் அது சரியில்லை. அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும். வேலி எவ்வளவு உயரம், தோட்டத்தில் ஷெட் வைக்கலாமா, வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்றெல்லாம் பத்திரத்தோடு ஒட்டிய விதிகள் வரும், மாதமோ வருடமோ சந்தாவும் வரும். அந்த விதிப் புத்தகத்தையும் அவரை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

பழைய வீட்டுக்கு ஒரு சலுகையும் உண்டு, நிறையப் பேர் கேட்பதே இல்லை. உரிமையாளரே குடியிருக்கும் வரலாற்று வீட்டை முறைப்படி புதுப்பித்தால், இல்லினாய் மாநிலத்தில் வரி மதிப்பீட்டை நிறுத்திவைக்கும் திட்டம் இருக்கிறது. புதுப்பிக்கும் செலவு, வரி மதிப்பீட்டு அதிகாரியான அஸெஸர் கணக்கிட்ட சந்தை மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தகுதி பெற்றால் 8 வருடம் மதிப்பீடு ஏறாது, அடுத்த 4 வருடத்தில் படிப்படியாக ஏறும். வேலை தொடங்கும் முன்பே மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். சுவரை இடித்தபின் போனால் கதவு மூடியிருக்கலாம்.

ரியல்ட்டர் சொன்ன அந்த வரி

"அந்தப் பக்கம் உங்க ஆளுங்களுக்குச் சரிப்படாது. தெற்கே போங்க, இந்தியர்கள் நிறைய இருக்காங்க" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்றும் நீங்களே சேர்த்திருக்கிறீர்கள்.

சகோதரி, அவர் மனதில் என்ன இருந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. வாங்குபவரின் இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து ஒரு பகுதிக்குத் தள்ளுவதும் இன்னொரு பகுதியிலிருந்து விலக்குவதும் 1968ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்கு விரோதம். அதற்கு 'ஸ்டியரிங்' என்றே பெயர். இனிக்க இனிக்கச் சொன்னாலும் அது அதுதான். நீங்கள் கேட்காமலேயே அவர் இதைச் சொன்னார் என்பதும் முக்கியம். தமிழ் பேசும் குடும்பங்கள் பக்கத்தில் வேண்டும் என்று நீங்களாகவே தேடுவது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. உங்களுக்காக அவர் தீர்மானிக்கக் கூடாது.

அந்த வரி எனக்கு வலிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நடுமேற்கின் பல புறநகர்களைப் போல நேப்பர்விலும் நீண்ட காலம் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இடம் கொடுக்காத ஊராகத்தான் இருந்தது. அந்த ஊரின் அருங்காட்சியகமான நேப்பர் செட்டில்மென்ட்டே, மற்ற நகரங்களின் அருங்காட்சியகங்களோடு சேர்ந்து, இந்த வீட்டுப் பாகுபாட்டின் வரலாற்றை ஆவணப்படுத்தி வெளியிட்டிருக்கிறது. அழகான பழைய தெரு என்று நாம் ரசிக்கும் இடத்துக்கு இந்தப் பக்கமும் உண்டு. இன்று அந்த நகரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி. உங்கள் மகளும் மகனும் அந்த ஐந்தில் ஒருவர். எந்தத் தெருவும் அவர்களுக்குச் சரிப்படாத தெரு இல்லை.

இந்தப் பகுதியில் வில்லங்கம் பார்க்கும்போது சில சமயம் பழைய பத்திரங்களில், இன்ன இனத்தார்க்கு விற்கக் கூடாது என்ற வாசகம் தென்படும். பயந்துவிடாதீர்கள். அதை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948லேயே, ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், சொல்லிவிட்டது. 2022 முதல் இல்லினாயில், அப்படிப்பட்ட வாசகத்தை நீக்கி கவுண்டிப் பதிவாளரிடம் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

என்ன செய்யலாம்? அவர் சொன்னதைத் தேதி, நேரம், வார்த்தைகளோடு இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் செய்ய ஒரு வருடம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். புகார் செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவரையே வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு விலை பேசாதீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து வீடு காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் போடுவது வழக்கமாகிவிட்டது. நீங்களும் ஏதாவது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது எப்போது முடிகிறது, எப்படி விலகலாம், விலகியபின்னும் கமிஷன் பாக்கி நிற்குமா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கணவர் பயப்படுவதில் நியாயம் எங்கே இருக்கிறது

பழைய வீடு பணம் தின்னும் என்ற அவருடைய பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். பயப்பட வேண்டிய இடம் மட்டும் வேறு. நாம் ஓட்டையான தரையையும் உரிந்த வண்ணத்தையும் பார்க்கிறோம். பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் இருக்கும்.

இல்லினாயின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டபின் வழக்கறிஞர் பரிசீலனைக்கும் இன்ஸ்பெக்ஷனுக்கும் ஐந்து வேலைநாள் கிடைக்கும். விற்பவர் ஒரு வெளிப்படுத்தல் படிவம் தருவார். தனக்குத் தெரிந்த குறைகளை மட்டும் அதில் சொன்னால் போதும் என்பதால் அதை முழுதாக நம்பி நிற்க முடியாது. 1908 வீட்டுக்குச் சாதாரண இன்ஸ்பெக்டர் ஒருவர் போதவே போதாது. நான் கேட்கச் சொல்பவை:

- கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. அந்தக் காலத்துக் களிமண் குழாயில் மரவேர் புகுந்திருக்கும். முன்தோட்டத்தைத் தோண்டும் செலவு அது.
- மின்கம்பிகள். பீங்கான் குமிழ்களில் சுற்றிய பழைய கம்பி சுவருக்குள் எங்காவது உயிரோடு இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டை எடுக்கத் தயங்கும். விலை பேசும் முன்பே காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்குங்கள்.
- ஈயம். 1978க்கு முன் கட்டிய வீடு என்பதால் வண்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க மத்தியச் சட்டம் 10 நாள் வாய்ப்புக் கொடுக்கிறது. அதைக் கைவிடும் வரி ஒப்பந்தத்தில் இருக்கும், யோசிக்காமல் டிக் அடிக்காதீர்கள். தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் ஈயமா என்று நகராட்சியைக் கேளுங்கள்.
- அடித்தளமும் பேஸ்மென்ட்டும். சுவரில் வெள்ளைப் படிவு, புழுங்கிய வாடை இருந்தால் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் போனால் வெளியேற்றும் கருவி வைக்க வேண்டும். அது பெரிய செலவில்லை.

ஆறு பக்கத்தில் இருப்பதால் வெள்ள வரைபடத்தில் அந்த மனை எங்கே இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும். 1996 ஜூலையில் பக்கத்து ஊரான அரோராவில் 24 மணி நேரத்தில் 16.91 அங்குலம் மழை கொட்டியது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது. சாக்கடை பின்வாங்கி பேஸ்மென்ட் நிறைவதற்கும் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய வீட்டுக்கு இன்னொன்றும் வேண்டும்: தீ விபத்து நடந்து திரும்பக் கட்டும்போது இன்றைய கட்டட விதிப்படி கட்ட ஆகும் கூடுதல் செலவுக்கான காப்பு.

இந்த முடிவுகள் கையில் வந்தபின் கணவரோடு உட்காருங்கள். கீழ்த்தளக் குளியலறைக்கு ஒரு காண்ட்ராக்டரின் மதிப்பீட்டையும் அதே வாரத்தில் வாங்கிவிடுங்கள். கீழே குழாய் இறக்க இடமே இல்லை என்று தெரிந்தால், மாமியாரை நினைத்து, அந்த வீட்டை விட்டுவிடச் சொல்லுவேன். ஒரு ஆசைக்காக வயதானவரை வருடத்தில் ஆறு மாதம் படியேற வைக்க முடியாது. அதே பகுதியில் கீழ்த்தளத்திலேயே படுக்கையறை உள்ள பங்களா வகை வீடுகளும் விற்பனைக்கு வரும், காத்திருக்கலாம்.

விசா, வரி, உங்கள் பெயர்

எச்-1பியில் இருப்பவர் வீடு வாங்க மத்தியச் சட்டத்தில் தடையில்லை. அதேபோல வீடு வாங்கினால் கிரீன் கார்டு வேகமாகும் என்பதும் இல்லை, இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. உண்மையான ஆபத்து வேலை போனால் வருவது. பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதனால் முன்பணம் கொடுத்தபின்னும் ஆறு மாதத் தவணைக்குக் குறையாமல் கையில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் இரண்டு வீட்டில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். ஒருவேளை ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் வீடு உங்களுடையதாகவே இருக்கும், வாடகைக்கும் விடலாம். ஆனால் அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவராக மாறியபின் விற்றால், வாங்குபவர் விலையில் 15 சதவீதம் வரை பிடித்து வரித் துறைக்கு அனுப்ப வேண்டிவரலாம். புறப்படும் முன் விற்பதா, பின் விற்பதா என்பதில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

சொத்து வரி இங்கே ஒரு வருடம் பின்தங்கி வரும். க்ளோசிங் அன்று, அதாவது கிரயம் முடியும் நாளில், விற்பவர் தன் பங்கைக் கழித்துத் தருவார், குடியேறியதும் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பியுங்கள். பள்ளியைப் பொறுத்தவரை, பழைய ஊர் பெரும்பாலும் 203ஆம் மாவட்டம், தெற்கே பெரும்பாலும் 204. இரண்டுக்கும் நல்ல பெயர். முகவரியைக் கொடுத்து மாவட்ட அலுவலகத்திலேயே உறுதி செய்யுங்கள்.

பத்திரத்தில் உங்கள் பெயரைப் பற்றி. சம்பளம் இருக்க வேண்டும், விசா இன்னதாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. கடன் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும் உரிமை இருவர் பெயரிலும் இருக்கலாம். கணவன் மனைவி சேர்ந்து குடியிருக்கும் வீட்டை இல்லினாயில் 'டெனன்சி பை தி என்டைரட்டி' என்ற முறையில் எழுதலாம். அப்படி எழுதினால் ஒருவர் மற்றவரின் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது, ஒருவர் மட்டும் பட்ட கடனுக்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவதும் கடினம், ஒருவர் இறந்தால் மற்றவருக்கு வீடு நேராக வந்து சேரும். இது தானாக வராது, இந்த வார்த்தைகள் பத்திரத்தில் அப்படியே இருக்க வேண்டும். க்ளோசிங்குக்கு இரண்டு நாள் முன் பத்திர வரைவை அனுப்பச் சொல்லி, உங்கள் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.